பங்கும் பங்காளிகளும்
திருவனந்தபுரம் கடற்கரையில் கிறித்தவப் பங்குகள் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும் முறை: ஒரு வியாபாரியின் பார்வை

முன்னுரை

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்குப் புத்தகமும், ரசீதுப் புத்தகமும், பள்ளி நோட்டும் விற்றுப் பிழைப்பவன் நான். பிறந்தது வந்தவாசிப் பக்கம் ஒரு தமிழ்ச் சமணக் குடும்பத்தில். எங்களை ஊரில் நயினார் என்பார்கள். இங்கேயோ, தமிழ் வியாபாரி என்றாலே எல்லாரும் அண்ணாச்சிதான். நானும் மறுத்துப் பார்த்து, பிறகு விட்டுவிட்டேன்.

சென்ற மலர்களில் சிதறால் மலையைப் பற்றியும் நாகர்கோவில் நாகராஜா கோயிலின் சமணத் தொடர்பு பற்றியும் எழுதியிருந்தேன். இந்த முறை மலர்க்குழு அன்பர் ஒருவர், "நயினார், எப்பவும் உங்க வீட்டைப் பத்தியே எழுதுறீங்க. பக்கத்து வீட்டைப் பத்தி ஒண்ணு எழுதுங்க" என்றார். நியாயமான பேச்சு. இந்த நகரில் பாளையம் பக்கம் நடந்தால் கணபதி கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தினமும் கடந்து போகிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பதில்லை. ஒரு தேவாலயம் தன்னைத் தானே எப்படித் திருத்திக்கொள்கிறது, ஊருக்கு எப்படி உதவத் திட்டமிடுகிறது என்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எனது சிற்றறிவுக்கு எட்டியவரை அதை இங்கே விளக்குகிறேன்.

பங்கு என்னும் சொல்

தமிழ்க் கத்தோலிக்கர் தம் ஆலயத்தைச் சேர்ந்த குடும்பங்கள் முழுவதையும் சேர்த்துப் 'பங்கு' என்கிறார்கள். அதை நடத்தும் குரு பங்குத்தந்தை. மலையாளத்தில் இடவக. தென்னிந்தியத் திருச்சபையார் சேகரம் என்பார்கள். பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றே: ஓர் எல்லைக்குள் வாழும் நம்பிக்கையாளர் கூட்டமும் அவர்களுக்குரிய ஆலயம், பள்ளி, கல்லறைத் தோட்டம் ஆகியனவும்.

எனக்கு இந்தப் 'பங்கு' என்ற சொல் மிகவும் பிடிக்கும். கடையில் பங்கு என்றால் முதல் போட்டவனுக்கு உரியது. கடற்கரையிலும் பிடிபாட்டை வள்ளத்துக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்கள். முன்பு கோயிலுக்கும் ஒரு பகுதி ஒதுக்கும் வழக்கம் பல கடற்கரை ஊர்களில் இருந்தது. அதை வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுவதற்குக் குத்தகை என்று பெயர். ஆக, பங்கு என்பது வெறும் எல்லைக்கோடு அல்ல. அதில் உள்ளவர்கள் பங்காளிகள். வாங்கவும் உரிமை உண்டு, கொடுக்கவும் கடமை உண்டு.

திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டம் 1937இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது. 1996இல் நெய்யாற்றின்கரை தனி மறைமாவட்டமாயிற்று. 2004இல் திருவனந்தபுரம் உயர் மறைமாவட்டமானது. நம்மைப் போன்ற தமிழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1இல் மாநில எல்லை மாறியபோது, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய கடற்கரை ஊர்கள் குமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டுக்குப் போயின. ஆனால் திருச்சபைக் கணக்கில் அவை இன்றும் திருவனந்தபுரத்தைச் சேர்ந்தவை. 1991 முதல் 2022 வரை இந்த மறைமாவட்டத்தை வழிநடத்திய பேராயர் எம். சூசபாக்கியம் பிறந்ததும் அந்த வரிசையிலுள்ள மார்த்தாண்டன்துறையில்தான். அரசு கோடு போட்டது. பங்கு கோட்டைத் தாண்டி நின்றது.

திட்டமிடல் எங்கிருந்து வந்தது?

முன்பெல்லாம் பங்குத்தந்தை சொன்னதுதான் திட்டம். 1962 முதல் 1965 வரை ரோமில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினரும் திருச்சபையின் பணியில் உரிமையுள்ள பங்காளிகள் என்று வலியுறுத்தியது. அதன் வழியில் 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு இரண்டு அமைப்புகளைச் சொல்கிறது. ஒன்று, பங்குப் பேரவை; ஆயர் தேவை எனக் கருதும் இடத்தில் அமைவது, ஆலோசனை கூறுவது. மற்றொன்று நிதிக்குழு, இது ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும். வியாபாரி என்ற முறையில் இந்த வேறுபாடு என் கண்ணில் உடனே பட்டது. யோசனை சொல்லும் குழு இருக்கலாம் என்றவர்கள், பணத்தைப் பார்க்கும் குழு இருந்தே ஆக வேண்டும் என்றிருக்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் எழுதிய சட்டம்!

எங்கள் சமண மரபிலும் சங்கம் என்றால் துறவிகள் மட்டும் அல்ல. ஆண் துறவியர், பெண் துறவியர், இல்லறத்து ஆண்கள், இல்லறத்துப் பெண்கள் என நால்வகைச் சங்கம். இல்லறத்தார் இல்லாமல் சங்கம் முழுமை பெறாது. ஆகவே அந்த மாற்றம் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை, நெருக்கமாகத் தோன்றியது.

அடுத்த படி, சிறு குழுக்கள். லத்தீன் அமெரிக்காவில் 1960களில் வளர்ந்த அடித்தளச் சமூகங்கள், தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த ஏழு படி நற்செய்திப் பகிர்வு, 1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆயர்கள் முன்வைத்த 'சமூகங்களின் கூட்டுறவு' என்ற கருத்து ஆகியவை இங்கும் வந்து சேர்ந்தன. தமிழில் இவற்றுக்கு 'அன்பியம்' என்று அழகான பெயர் சூட்டினார்கள். பொதுவாக முப்பது வீடுகள் அளவில் ஓர் அன்பியம். மாதம் சில முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். வேதம் வாசிப்பார்கள், பிறகு தெருவின் கவலையைப் பேசுவார்கள். ஆயிரம் பேர் கூடும் ஆலயத்தில் வாய் திறக்காத பெண்மணி, முப்பது வீட்டார் நடுவில் பேசுவாள். சூட்சுமம் அவ்வளவுதான். 2021 முதல் 2024 வரை உலகத் திருச்சபை முழுவதும் நடந்த ஆயர் மாமன்றப் பயணமும் கீழிருந்து கேட்டுத் தொடங்கும் இதே முறையைத்தான் நாடியது.

மரியநாடு தரும் பாடம்

வெளியூர் உதாரணம் எதற்கு? தும்பாவுக்கு வடக்கே மரியநாடு இருக்கிறது. 1960களில், ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ரா முயற்சியில், நிலமில்லாத மீனவக் குடும்பங்களைக் குடியமர்த்தித் தொடங்கிய ஊர் அது. (தும்பா ராக்கெட் தளத்துக்கு மகதலேனா மரியாள் ஆலயம் விட்டுக்கொடுக்கப்பட்ட வரலாற்றில் வரும் ஆயரும் இவரே.) வீடு கட்டிக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. சமூகப் பணியாளர்கள் ஊரிலேயே தங்கினார்கள். ஊர் மக்களோடு பேசியபோது வேர் எங்கே என்று தெரிந்தது.

மீனவன் வலைக்கும் வள்ளத்துக்கும் கடன் வாங்குகிறான். கடன் கொடுத்தவனே மீனைக் கொள்கிறான். விலையும் அவனே சொல்கிறான். கடன் என்றைக்கும் தீராது. தீரவும் விட மாட்டான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான், ஏனென்றால் செய்தவர்கள் என் தொழில்காரர்கள். வியாபாரிகள்.

இதற்கு மருந்தாக 1970 வாக்கில் மரியநாட்டு மீனவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கடலுக்குப் போகும் மீனவர்களே உறுப்பினர். கரையில் ஏலம் விடும் உரிமை சங்கத்துக்கு. விற்ற பணத்தில் ஒரு பகுதி கடனுக்கும், ஒரு பகுதி சேமிப்புக்கும் பிடித்தம். விற்பனை, கடன், சேமிப்பு மூன்றையும் ஒரே நூலில் கோத்ததுதான் இதன் பலம். இப்படிப் பல ஊர்களில் எழுந்த சங்கங்கள் 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பாக இணைந்தன. அதன் தலைமையகம் நம் திருவனந்தபுரத்திலேயே. திருச்சபை விதை போட்டது, செடி மக்களுடையதாயிற்று. நல்ல வெளிப்பணியின் இலக்கணம் இதுவே என்பது என் கருத்து. உதவியவர் விலகிய பிறகும் நிற்க வேண்டும்.

நான் கண்ட ஒரு பங்கு

இனி என் சொந்த அனுபவம். ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் கணக்கை வெளியே சொல்லாதது கடைக்காரன் தர்மம். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஒரு கடற்கரைப் பங்கு என்று மட்டும் கொள்க.

ஒக்கிப் புயல் 2017 நவம்பர் இறுதியில் வந்தது. பூந்துறை, விழிஞ்ஞம், தூத்தூர்ப் பக்கத்து ஊர்களில் கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு தொடக்கத்தில், குடும்பப் பதிவேடு வாங்க வந்த பங்குத்தந்தை, "அண்ணாச்சி, பங்குக்கு ஐந்தாண்டுத் திட்டம் ஒண்ணு போடணும். கணக்கு முறை சொல்லித் தர வருவீங்களா?" என்றார்.

எனக்கு இரண்டு தயக்கம். முதலாவதை நேராகவே கேட்டேன்: "ஃபாதர், இது ஆள் சேர்க்கிற வேலையா?" அவர் கோபப்படவில்லை. "இருக்கிற ஆளையே எனக்குச் சரியாத் தெரியலை அண்ணாச்சி. புயலுக்கு அப்புறம் எந்த வீட்ல யார் இல்லைங்கறதுக்கே நாலு நாள் ஆச்சு" என்றார். அந்தப் பதிலில் நான் சம்மதித்துவிட்டேன்.

இரண்டாவது தயக்கம் என் நோன்பைப் பற்றியது. கொல்லாமை எங்கள் உயிர்நாடி. மீன்பிடி ஊருக்குத் திட்டம் போட நான் போகலாமா? என் துணைவியாரும் இதையே கேட்டார். பசித்தவருக்கு உணவு, நோயாளிக்கு மருந்து, படிப்பில்லாதவருக்குக் கல்வி, அஞ்சியவருக்கு அடைக்கலம் என எங்கள் நூல்கள் நான்கு தானங்களைச் சொல்கின்றன. பெறுபவன் தொழில் என்ன என்று அவை கேட்கவில்லை என்று பதில் சொன்னேன். பாதி அவருக்குச் சொன்னது, பாதி எனக்கே சொல்லிக்கொண்டது.

எண்ணுதல், கேட்டல்

முதல் வேலையிலேயே தோற்றேன். கடைக்காரன் புத்தி! நாற்பத்திரண்டு கேள்விகளோடு படிவம் அடித்துக்கொண்டு போனேன். பள்ளித் திண்ணையில் பெண்கள் கூட்டம். மீன் விற்கும் ஓர் அம்மா தாளைப் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, கட்டில் உண்டா, டிவி உண்டான்னு எல்லாம் கேட்டிருக்கு. வட்டிக்காரன் வாரத்துக்கு எத்தன நாளு வாறான்னு கேக்கல்லியே?" கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே குத்தியது.

அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டு, பெண்களையே கேட்டு ஐந்து கேள்விகளாக்கினோம். வீட்டில் யார் யார், யார் வெளிநாட்டில்? பள்ளியைப் பாதியில் விட்டவர் யார்? படுக்கையில் இருப்பவர், தீராத நோயுள்ளவர் யார்? கடன் எவ்வளவு, என்ன வட்டி? வாரத்தில் ஒரு மணி நேரம் நீங்கள் ஊருக்காக எதைச் செய்ய முடியும்? ஐந்தாவது கேள்வி மிக முக்கியம். முதல் நான்கும் இல்லாமையை எண்ணுகின்றன, ஐந்தாவது இருப்பை எண்ணுகிறது. கடையில் சரக்கு இருப்பு எடுக்காமல் வியாபாரத் திட்டம் போட முடியுமா? தையல் தெரிந்தவர், ஓய்வு பெற்ற செவிலியர், வளைகுடாவிலிருந்து திரும்பிய மின்பணியாளர் என்று ஊரிலேயே ஆள் இருந்தார்கள். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி கேட்கப் போனவர்கள் அன்பியப் பெண்களே. வெளியாள் கேட்டால் கடன் விவரம் வராது. தாள்கள் பூட்டிய அலமாரியில் வைக்கப்பட்டன. மொத்த எண்ணிக்கை மட்டும் ஊருக்குச் சொல்லப்பட்டது.

தேர்ந்தெடுத்தல்

இங்கேதான் உண்மையான சிக்கல். பங்கின் பொன்விழா வந்துகொண்டிருந்தது. பேரவையில் பெரும்பாலோர் ஆலய முகப்பில் உயரமான கோபுரம் கட்ட முடிவு செய்திருந்தார்கள். அதற்கு வெளிநாட்டுப் பணம் வரத் தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் பள்ளியை விட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையும் வட்டிக் கணக்கும் கரும்பலகையில் ஏறின.

அன்றைய கூட்டம் இரவு பதினொன்றரை வரை நடந்தது. கோபுரம் கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கடலிலிருந்து திரும்புகிறவன் முதலில் காண்பது ஆலய முகப்பைத்தான். அது அவனுக்கு வெறும் அலங்காரம் அல்ல. எங்கள் ஊர் ஜினாலயங்களில் பூசைக்கு ஆளில்லாத போதும் சுற்றுச்சுவருக்கு வண்ணம் அடிக்க நாங்கள் பணம் திரட்டியதில்லையா? கடைசியில் கோபுரத்தின் உயரம் பாதியானது. மீதியில் மாலைப் படிப்பகமும், அவசரக் கடனுக்குச் சிறு சுழல்நிதியும். குடி ஒழிப்பு மூன்றாவது தீர்மானம். மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது மட்டும் என் யோசனை. பத்து சரக்கு பரப்பினால் எதுவும் விற்காது.

நான் எழுத மறுத்த பக்கம்

சுழல்நிதியில் வலை வாங்கக் கடன் என்று ஒரு பிரிவு வந்தது. அந்தப் பக்கத்துக்கு வாய்பாடு எழுதச் சொன்னபோது என் கை ஓடவில்லை. "ஃபாதர், இது மட்டும் என்னால் ஆகாது" என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. பேனாவை வாங்கித் தாமே கோடு போட்டார். பிறகு பெண்கள், "அண்ணாச்சி மீன் கணக்கு எழுத மாட்டாரு, பிள்ளைக் கணக்கு எழுதுவாரு" என்று கேலி செய்தார்கள். அன்பான கேலிதான். ஆனால் பிள்ளைகளின் கட்டணம் அந்த மீனிலிருந்துதானே வருகிறது? நான் செய்தது நோன்பா, சௌகரியமா என்று இன்றும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை. வேறு சமயத்தாரோடு சேர்ந்து வேலை செய்ய விரும்பும் அன்பர்களுக்கு இதை மறைக்காமல் சொல்கிறேன். சேர்ந்து நடக்கலாம், எல்லா அடியும் ஒன்றாக வைக்க முடியாது. அதை அவர்களும் பொறுத்தார்கள், நானும் பொறுத்தேன்.

கணக்கு காட்டல், சாவி கைமாறல்

மாதம் முதல் ஞாயிறு வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. இதனால் வந்த நன்மை பெரிது. ஆனால் பங்குத் திட்டங்களை முறிக்கும் இன்னொரு காரணம் உண்டு. பங்குத்தந்தை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவார். புதியவர் வந்ததும் பழைய திட்டம் அலமாரிக்குப் போகும். இது யார் குற்றமும் இல்லை, அமைப்பின் இயல்பு. ஆகவே படிப்பகத்தின் சாவியைக் குருவின் இல்லத்தில் வைக்காமல் அன்பியப் பெண்களிடம் கொடுக்கச் சொன்னேன். சிறிய காரியம். 2021இல் அந்தப் பங்குத்தந்தை மாறிப் போனார். படிப்பகம் மாறவில்லை, விளக்கு இன்றும் எரிகிறது.

எல்லாம் வெற்றி என்று எழுதினால் பொய்யாகும். சுழல்நிதி தட்டுத் தடுமாறி நடக்கிறது. வட்டிக்காரன் வரவு குறைந்தது, நிற்கவில்லை. குடி ஒழிப்பில் ஊர்வலம் நடந்ததோடு சரி, வேறொன்றும் நடக்கவில்லை. குடிக்கிறவர்களை அழைத்துக் கேட்காமல் அவர்களைப் பற்றித் தீர்மானம் போட்டதே காரணம் என்று இப்போது தோன்றுகிறது. முதல் படிவத்தில் நான் செய்த அதே தவறு!

எல்லைக்கு வெளியே

வெளிப்பணி என்பது எல்லையைத் தாண்டுவது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர், ஆறன்முளைப் பக்கம் விரைந்ததை நாம் அறிவோம். எந்த மதத்து வீடு என்று பார்த்தா கதவைத் தட்டினார்கள்? பல ஊர்களில் ஆளையும் வள்ளத்தையும் சில மணி நேரத்தில் திரட்ட உதவியது பங்குகளின் இந்தச் சிறு வலையமைப்பே. நான் சொன்ன பங்கில் 2020 பொதுமுடக்கத்தின்போது, யாருக்கு எந்த மாத்திரை வேண்டும் என்று பதிவேட்டைப் பார்த்தே வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அன்று அந்த ஐந்து கேள்விகளின் விலை தெரிந்தது.

பதிவேட்டில் இல்லாத ஒரு கூட்டமும் அப்போது கண்ணில் பட்டது. வள்ளங்களில் கூலிக்கு வந்த வடநாட்டுப் பிள்ளைகள். அவர்கள் எந்த அன்பியத்திலும் இல்லை, எந்தத் தாளிலும் இல்லை. சாவி வைத்திருந்த பெண்களே பதிவேட்டின் கடைசியில் ஒரு தனித்தாள் சேர்த்து அவர்கள் பெயரையும் எழுதினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முடிவுரை

அன்பர்களே, அந்தத் தனித்தாளைப் பார்த்தபோது எனக்கு என் இளமைக்காலம் நினைவுக்கு வந்தது. சாலைக் கடைத்தெருவுக்கு நான் வந்த நாளில் என் பெயரும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுத்தவர், எங்கிருந்து வந்தாய் என்று மட்டும் கேட்டார்.

நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பெயரும் சந்தாவும் இருக்கின்றன. தனியாக இருக்கும் முதியவர் யார், தமிழ் படிக்க ஆசிரியர் இல்லாத பிள்ளை யார், நேற்று ரயிலேறி வந்து கட்டட வேலை செய்யும் நம்மவர் யார் என்பது இல்லை. பொங்கல் விழாவையும் பட்டிமன்றத்தையும் குறைக்க நான் சொல்லவில்லை. கோபுரமும் வேண்டும். ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தாளும் வேண்டும். தாளை நான் என் செலவில் அச்சடித்துத் தருகிறேன். வீடு வீடாகப் போய்க் கேட்க முப்பது வீட்டுக்கு ஒருவர் முன்வந்தால் போதும். வரும் ஞாயிறு மாலை கடையில்தான் இருப்பேன்.